இரண்டாவது கடை எப்போது?

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ தன் கைத்திறனை நம்பிக் கடை வைத்திருப்பவர் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. மாலை கட்டுபவர், மணவறை ஜோடிப்பவர், கல்யாண கார்டு வடிவமைப்பவர், படம் பிடிப்பவர், ரவிக்கைக்கு ஆரி வேலை செய்து தருபவர் என்று எல்லாரும் கேட்டுப் புளித்த கேள்வி. மாதம் பிறந்தால் வாடகையும் சம்பளமும் தடங்கலில்லாமல் கொடுக்க முடிகிறது என்ற நிலை வந்த அன்றே மச்சான் கேட்பார், வங்கி அதிகாரி கேட்பார், கோயிலில் பார்க்கிற பழைய பள்ளித்தோழர் கேட்பார்: "அடுத்த பிராஞ்ச் எப்போ?"

கேட்பவர்கள் அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்று ஒரு போதனையே வளர்ந்து நிற்கிறது. ஓட்டல் மண்டபத்தில் கட்டணம் வாங்கி நடத்தும் கருத்தரங்குகளில், தொழில்முனைவோர் விருது விழாக்களில், வானொலிப் பேட்டிகளில் அது ஓயாமல் ஒலிக்கிறது. தொழில் நிலைத்த பிறகு உங்களுக்குள் ஓர் அரிப்பு எழுகிறதா? காலையில் கடையைத் திறக்கும்போது ஏதோ குறைகிறதே என்று தோன்றுகிறதா? அப்படியானால் நீங்கள் சௌகரியத்தில் மாட்டிக்கொண்டீர்கள். கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளியே வாருங்கள், கடன் எடுங்கள், ஆள் எடுங்கள், இன்னொரு கடை திறங்கள். வளராதவன் அழிவான். கைதட்டல். அடுத்த பேச்சாளர்.

இதில் முதல் பாதி மட்டும் உண்மை. அரிப்பு இருக்கிறது. நானும் கார்டு அடித்துப் பிழைப்பவன். ஒரே பிள்ளையார், ஒரே தங்க ஃபாயில், ஒரே "சுற்றமும் நட்பும் சூழ" என்று அச்சுக்கு அனுப்பும்போது வயிற்றுக்குள் ஏறும் சலிப்பு எனக்கு அந்நியமில்லை. ஆனால் அந்தச் சலிப்புக்கு இரண்டாவது கடை மருந்து என்பது கண்வலிக்குக் காலில் கட்டுப்போடுகிற வைத்தியம். சலிப்பது கை, பெரிதாக்கச் சொல்வது கல்லாவை. இந்த இரண்டையும் ஒன்றாக்கி விற்கிறார்கள். அதைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் இந்தப் போதனை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சௌகரியம் ஆபத்து என்ற பேச்சைத் தொழில் உலகில் பரப்பியதில் அமெரிக்க உளவியலாளர் ஜூடித் பார்ட்விக் 1991இல் எழுதிய நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் எழுதியது யாரைப் பற்றி? வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் சம்பளம் வரும், பதவி உயர்வு வரும் என்று உட்கார்ந்துவிட்ட, பெரிய அமெரிக்க நிறுவனங்களின் ஊழியர்களைப் பற்றி. வெள்ளிக்கிழமை விற்காத மல்லிகை சனிக்கிழமை குப்பை என்ற கணக்கில் வாழும் கிள்ளான் பூக்கடைக்காரருக்கும் அந்த நூலுக்கும் என்ன உறவு? அவருக்கு எந்த மாதச் சம்பளம் உறுதி செய்யப்பட்டிருக்கிறது? எந்தப் பதவியில் அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்?

கொஞ்சம் படித்த பேச்சாளராக இருந்தால் 1908ஆம் ஆண்டு எலிச் சோதனையையும் இழுப்பார். ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் சுண்டெலிகளுக்கு இரண்டு பெட்டிகளை வைத்து, தவறான பெட்டிக்குள் போனால் மின் அதிர்ச்சி கொடுத்து, எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன என்று பார்த்தார்கள். "அழுத்தம் கொடுத்தால்தான் உயிர் கற்றுக்கொள்ளும்" என்று மேடையில் அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். சோதனையின் மறுபாதியைச் சொல்வதில்லை. எளிய வேலையில்தான் அதிர்ச்சி கூடக் கூடக் கற்றல் வேகமானது. பெட்டிகளை வேறுபடுத்திப் பார்ப்பதே கடினம் என்று ஆக்கியபோது, பலத்த அதிர்ச்சி எலியைக் குழப்பியது. மிதமான அதிர்ச்சிதான் உதவியது. கலைத்தொழில் எளிய வேலையா கடினமான வேலையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மாதக் கடன் தவணை கழுத்தை நெரிக்கும்போது நல்ல டிசைன் பிறக்கும் என்பது எலிக்கே பொருந்தாத கணக்கு.

சரி, நாம் எந்தச் சௌகரியத்தைப் பற்றிப் பேசுகிறோம்? அதைப் பார்த்தால் இந்தப் போதனையின் இரக்கமின்மை புரியும்.

இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் கடை நடத்துவது பழைய கதைதான். ஆனால் இன்று கைத்தொழில் கடை வைத்திருக்கும் பலரின் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். விடிவதற்குள் பெரட்டுக்களத்தில் நின்று, காண்டா வாளி சுமந்தவர்கள். 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட, லயத்திலிருந்த குடும்பங்கள் வீதிக்கு வந்தன. அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கும் முயற்சி அது. பின்னர் நகரம் தோட்டங்களை நோக்கி நகர்ந்தது. இன்று புத்ராஜெயா நிற்கும் மண்ணில் பிராங் பெசார் தோட்டம் இருந்தது. அங்கிருந்த குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. நம்மில் பலருக்குச் சௌகரியத்தை விட்டு வெளியேறுவது சுய முன்னேற்றப் பயிற்சியாக வரவில்லை. வெளியேற்ற நோட்டீஸாக வந்தது.

அங்கிருந்து வந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, நிறுவன ஆணையத்தில் (எஸ்எஸ்எம்) பெயர் பதிந்து, ஒரு கடைக்கு முன்பணம் கட்டி, ஏழெட்டு வருடத்தில் வீட்டுத் தவணையைத் தவறாமல் கட்டுகிற நிலைக்கு வந்த ஒரு பெண்ணிடம் போய் "அக்கா, நீங்க ரொம்ப சௌகரியமா இருக்கீங்க" என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

அந்தச் சௌகரியம் எவ்வளவு மெல்லியது என்பதை 2020 காட்டியது. மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கோயில் மூடியது, மண்டபம் மூடியது, அதோடு மாலையும் மணவறையும் கார்டும் கேமராவும் நின்றன. அந்த ஆண்டின் தீபாவளி நவம்பர் 14. அப்போதும் சிலாங்கூரும் கோலாலம்பூரும் கட்டுப்பாட்டுக்குள்தான் இருந்தன. ஆண்டு வருமானத்தின் பெரும் பங்கை அந்த ஒரு மாதத்தில் பார்க்கிற கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா அன்று எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மறு ஆண்டு டிசம்பரில் பள்ளத்தாக்கில் வெள்ளம். சொந்தத் தொழில் செய்பவருக்கு ஓய்வூதியம் கிடையாது. சேமநிதியில் தானாகப் போட்டால் ஐ-சரான் திட்டத்தில் அரசு ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட் சேர்க்கும், அவ்வளவுதான். இப்படிப்பட்டவரிடம் ஆறு மாத வாடகை வங்கியில் இருந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள். அதுதான் அவருடைய மூலதனம். அது இருப்பதால்தான் அவரால் ஒரு மோசமான வாடிக்கையாளரை வேண்டாம் என்று சொல்ல முடிகிறது.

இனி கணக்குக்கு வருவோம். மேடையில் யாரும் கணக்குப் போடுவதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். 2025 ஆகஸ்ட் முதல் ஐந்து பேருக்கும் குறைவான ஆள் வைத்திருக்கும் கடைக்கும் அது பொருந்தும். முதலாளி கட்டும் சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 221. ஓர் ஆளுக்கு 1,921. சமூகப் பாதுகாப்புச் சந்தாவான சொக்சோவை நான் சேர்க்கவே இல்லை. இரண்டாவது கடைக்கு இரண்டு ஆள் என்றால் மாதம் 3,842, ஆண்டுக்கு 46,104. ஒரு கல்யாணத்துக்குக் கார்டு அடித்துக் கையில் நிற்பது 300 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு சம்பளத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 154 கல்யாணம் கூடுதலாக வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஆகவே பத்து மாதத்தில், மாதம் பதினைந்துக்கு மேல். இதில் வாடகை வரவில்லை, மின்சாரம் வரவில்லை, இயந்திரம் வரவில்லை.

வாடகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் 2001இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் வந்தது. 2010 அக்டோபர் 27ஆம் தேதி அப்போதைய பிரதமர்கள் மன்மோகன் சிங்கும் நஜிப்பும் சேர்ந்து லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். 2014இல் நூ சென்ட்ரல் பேரங்காடி. ஒவ்வொரு வளர்ச்சியும் வந்தபோது வியாபாரிகள் மகிழ்ந்தார்கள். பிறகு வாடகை ஏறியது, வண்டி நிறுத்த இடம் போனது, வாடிக்கையாளர் "உள்ள வந்தா வெளிய போக முடியல" என்று வருவதைக் குறைத்தார்கள். ஜாலான் துன் சம்பந்தனில் பத்துக்கடை தள்ளிப் போனால் வாடகை எவ்வளவு என்று விசாரித்துவிட்டு வாருங்கள், பிறகு கம்ஃபர்ட் ஸோன் பற்றிப் பேசுவோம்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அதைக் கிள்ளானில் ஒரு பூக்கடை அக்கா எனக்கு ஒரே வரியில் சொன்னார். அவர் மாலை கட்டுவதை நின்று பார்க்க வேண்டும். ஈரத்துணியில் சுற்றிய வாழைநாரை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு முறை நீவுவார். எங்கே நார் பலவீனமாக இருக்கிறதோ அங்கே விரல் நிற்கும், அந்த இடத்தைக் கிள்ளி எறிவார். காம்புகளை எதிரெதிராக வைத்துச் சுற்றி இழுக்கும்போது முடிச்சு பூவின் கழுத்தை நெரிக்காமல் காம்பின் அடியில் போய் உட்காரும். அதனால்தான் அவர் கட்டிய மாலை சாயங்காலம் வரை தலை தொங்காது. பேச்சு, வாடிக்கையாளருக்குச் சில்லறை, பேத்திக்கு அதட்டல் எல்லாம் நடந்துகொண்டே இருக்கும். விரல் மட்டும் தனியாக வேலை செய்யும். ஷா ஆலாமில் கிளை போடச் சொல்லி நச்சரித்தவர்களுக்கு அவர் சொன்ன பதில்: "கடை ரெண்டானா கை ரெண்டாகுமா தம்பி?"

இது தனி ஒருவரின் புலம்பல் இல்லை. பொற்கொல்லர், முடிதிருத்துநர், ஜவுளி ஆகிய மூன்று தொழில்களுக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பதை அரசு 2009இல் நிறுத்தியது. பதினான்கு ஆண்டுகள் சங்கங்கள் கதவு கதவாகத் தட்டின. 2023இல்தான் தடை தளர்ந்து 7,500 பேருக்கு அனுமதி வந்தது. அந்தப் பதினான்கு ஆண்டில் பட்டறையைச் சுருக்கிக்கொண்ட நகைத்தொழிலாளிகளுக்கு மனநிலைக் கோளாறா? முன்னேற்றச் சிந்தனை குறைவா? ஆள் இல்லை, அதுதான் காரணம். கற்றுக்கொடுக்கலாமே என்பீர்கள். கற்றுக்கொள்ள வருகிற இளைஞன் பாதியில் கிராப் ஓட்டப் போய்விடுகிறான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. ஆக, வளராமைக்குக் காரணம் முதலாளியின் சௌகரியம் என்று சொல்பவர் பிரச்சினையைச் சமூகத்திலிருந்து பிடுங்கி ஒரு தனி மனிதனின் மண்டைக்குள் வைக்கிறார். அது பேச்சாளருக்கு வசதி. மண்டைக்குத்தான் அவர் கட்டணம் வாங்க முடியும்.

எதிர்த்தரப்பில் பலமான வாதங்களும் உண்டு. மாறாதவை செத்தன என்பது அவற்றில் முதலாவது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019 தொடக்கத்தில் நின்றது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு காலத்தில் கேசட், பிறகு விசிடி என்று ஸ்பீக்கரை வாசலில் வைத்து அலறிய பாட்டுக்கடைகளில் இன்று எத்தனை இருக்கின்றன? நியாயம். ஆனால் அவை சின்னதாக இருந்ததால் சாகவில்லை. வேலை மாறியது, அவை மாறவில்லை. மூன்று கிளை வைத்திருந்த கேசட் கடைக்காரர் மூன்று மடங்கு நஷ்டப்பட்டார். அச்சுத் தொழிலைப் பாருங்கள். எழுத்துக் கோத்த காலம் போய் ஆஃப்செட் வந்தது, ஆஃப்செட் போய் டிஜிட்டல் வந்தது. என் தெருவில் தப்பித்தவர்கள் இயந்திரத்தையும் கையையும் மாற்றிக்கொண்டவர்கள். பரப்பளவைப் பெருக்கியவர்கள் அல்லர். மாற்றம் வேறு, பெருக்கம் வேறு.

இரண்டாவது வாதம் வெற்றிக்கதை. கோலாலம்பூரிலேயே ராயல் சிலாங்கூர் இருக்கிறதே என்பார்கள். 1885இல் யோங் கூன் என்ற சீன இளைஞர் இங்கே வந்து, பூசை மேடைக்கு ஊதுவத்தித் தாங்கியும் மெழுகுவத்தித் தண்டும் வெள்ளீயக் கலவையில் அடித்து விற்றார். அந்தச் சிறு பட்டறை இன்று உலகம் முழுக்க விற்கும் பெயர். உண்மை. ஆனால் அந்தக் கதையில் பாதியை விட்டுவிடுகிறார்கள். யோங் கூனின் மகன்கள் பிரிந்து தனித்தனிக் கடை போட்டார்கள். ஒரே தகப்பனிடம் கற்ற கை, ஒரே உலோகம், ஒரே ஊர். நிலைத்தது மூன்றாம் மகன் பெங் காயின் சிலாங்கூர் பியூட்டர் மட்டும். 1992இல் ராயல் சிலாங்கூர் என்று பெயர் மாறியதும் அதுதான். மற்ற சகோதரர்கள் சௌகரியத்தில் தூங்கினார்களா? அவர்களும் துணிந்தவர்கள்தான். தோற்றவர்களை மேடைக்கு அழைத்துப் பேசச்சொல்லும் விருது விழாவை நான் இதுவரை பார்த்ததில்லை.

மூன்றாவது வாதம்தான் என்னை யோசிக்க வைப்பது: நம் சமூகத்துக்குப் பெரிய நிறுவனங்கள் வேண்டாமா? எல்லாரும் ஒற்றைக் கடையோடு நின்றால் நாளைக்கு நம் பிள்ளைகளுக்கு வேலை யார் கொடுப்பது? வேண்டும்தான். அரசின் தெக்குன் நிறுவனம் வழியாக இந்தியத் தொழில்முனைவோருக்கு ஸ்புமி கடன் இருக்கிறது. 2024இல் ஒரு லட்சம் ரிங்கிட் வரை கொடுக்கும் இன்னொரு பிரிவும் வந்தது. உணவுப் பொருள் தயாரிப்பவர், லோரி நடத்துபவர், மென்பொருள் எழுதுபவர் அந்தக் கடனை எடுத்து வளரட்டும், வளர வேண்டும். ஒரு மிளகாய்த்தூள் பாக்கெட்டும் பத்தாயிரமாவது பாக்கெட்டும் ஒன்றாக இருப்பதுதான் அந்தத் தொழிலின் பெருமை. கைத்தொழிலில் அப்படி இருந்தால் அது குற்றம். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் எல்லாருக்கும் ஒரே போதனையை ஊற்றுவதுதான் என் புகார்.

இதைக் கேட்டுவிட்டு, "ஆக, போதும் என்று இருக்கச் சொல்கிறீர்கள்" என்று யாராவது முடித்தால் நான் அதையும் மறுப்பேன். போதுமென்ற மனம் நல்ல முதியவர்களுக்கு உரியது. கலைத்தொழில் செய்பவருக்கு அது ஆகாது. எட்டு வருடமாக ஒரே மணவறையைத் திரையை மட்டும் மாற்றி வாடகைக்கு விடுகிறவருக்கு அரிப்பு வரவில்லை என்றால் அவரைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். அரிப்பு வேண்டும். அதை எங்கே இறக்குவது என்பதே கேள்வி.

ராப் பாடகர் யோகி பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் அவருடைய பொயட்டிக் அம்மோ குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது ஆங்கிலம், மலாய், தமிழ், சீனம் என்று பல மொழியில் பாடி நாடு முழுக்கப் பெயர் வாங்கியிருந்தார்கள். பெருக்கப் போதனையின்படி அடுத்த படி என்ன? ஆங்கிலம், அதற்கு மேல் வெளிநாடு. அவரோ நட்சத்திரா குழுவோடு சேர்ந்து 2006இல் 'வல்லவன்' என்ற தமிழ் ராப் ஆல்பத்தைக் கொடுத்தார். மலேசியாவில் தமிழ் பேசுபவர் எத்தனை பேர்? சந்தை என்று பார்த்தால் அது சுருங்கிய அடி. வேலை என்று பார்த்தால் அதுவரை அந்த அளவில் யாரும் செய்து காட்டாத ஒன்றை, தாய்மொழியின் சந்தத்தை ராப்புக்குள் முழுசாக ஏற்றுவதை, அவர்கள் செய்தார்கள். அடுத்த ஆண்டே சென்னை சினிமா அவரைப் 'பொல்லாதவன்' படத்துக்குப் பாட அழைத்தது. சந்தை பிறகு வந்தது. முதலில் வந்தது வேலை.

தமிழ்நாட்டில் இன்னும் பிடிவாதமான ஆள் ஒருவர் இருந்தார். சி. சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கும்போது இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தே தொடங்கினார். 1970 வரை நடத்தினார். ந. பிச்சமூர்த்தி, பசுவய்யா, தருமு சிவராமு என்று தமிழ்ப் புதுக்கவிதை நிலைபெற்றது அந்த மெலிந்த இதழில்தான். ஆனால் செல்லப்பாவை நான் முழு முன்மாதிரியாகக் காட்டமாட்டேன். வீட்டு நகையை விற்று, புத்தகக் கட்டைத் தோளில் சுமந்து ஊர் ஊராக அலைந்தார் அவர். அந்தத் தரித்திரத்தைக் கொண்டாடுவதும் நம் ஆட்களிடம் இருக்கிற இன்னொரு கெட்ட பழக்கம். கொஞ்சம் சௌகரியம் இருந்திருந்தால் இதழ் இன்னும் சில ஆண்டு வந்திருக்கும் என்பதே என் எண்ணம். சின்னதாக இருப்பது அவருடைய தேர்வு, பட்டினி அப்படி அல்ல.

அரிப்பைக் கையில் இறக்குவது எப்படி இருக்கும் என்பதற்கு என் கடையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். கிள்ளானிலிருந்து ஒரு பெண் கார்டு அடிக்க வந்தாள். மாதிரி ஆல்பத்தைப் புரட்டிவிட்டு மூடினாள். "எங்க தாத்தா பால்மரம் வெட்டினவரு. அது இதுல வரணும், ஆனா பாவமா தெரியக் கூடாது" என்றாள். பிள்ளையாரையும் மயிலையும் வைத்துப் பழகிய கைக்கு அது அடி. மரத்தை வரைந்தால் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. தாத்தாவை வரைந்தால் அவள் பயந்த அந்தப் பாவம் வந்துவிட்டது. கடைசியில் மரத்தையே விட்டேன். பட்டையில் சாய்வாக இறங்கும் வெட்டுக்கோடுகளை மட்டும் எடுத்தேன். தினம் ஒரு கோடு, முந்தின கோட்டுக்குக் கீழே ஒரு மயிரிழை. அந்த வரிசையைக் கார்டின் ஓரத்தில் ஃபாயில் இல்லாமல் வெறும் அழுத்தத்தில் பதித்தேன். வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும், விரல் வைத்தால் தட்டுப்படும். கோடு முடிந்து, பால் பிடிக்கும் மங்கு இருக்க வேண்டிய இடத்தில் முகூர்த்த நேரம். டை செய்கிறவர் முதல் இரண்டு தடவை கோட்டை ஆழமாக வெட்டித் தாளைக் கிழித்துவிட்டார். காசு மிஞ்சவில்லை. ஆனால் அந்த மாதம் எனக்கு அரிப்பு இல்லை.

அந்த வேலையை நான் எடுத்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம் மற்ற கார்டுகள். சலிப்பூட்டுகிற அந்தப் பிள்ளையார் கார்டுகள்தான் வாடகை கட்டின. இரண்டாவது கடைத் தவணை இருந்திருந்தால் அந்தப் பெண்ணிடம் ஆல்பத்தைத் திரும்பத் திறந்து வைத்திருப்பேன். சௌகரியத்தின் பயன் அவ்வளவுதான்: கையைச் சங்கடத்துக்குள் அனுப்ப அது பணம் கட்டுகிறது. வீடும் கடையும் ஆட்டம் காணும்போது கை பழகியதையே செய்யும், ஏனென்றால் பழகியதுதான் விற்கும்.

கடைசியாக, நாம் யாரும் பேசாத ஒரு தரப்பைப் பற்றி. கைத்தொழில் கடையில் சலிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் முதலாளியின் சோம்பல் இல்லை, வாடிக்கையாளரின் கைப்பேசி. ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி "இதே மாதிரி, ஆனா கொறஞ்ச வெலையில" என்று கேட்கிறோம். சென்னைக் கல்யாணத்தின் மணவறை செந்தூலில் வேண்டும், அங்கே கட்டிய ஜடை இங்கே வேண்டும். புதிதாக ஒன்று செய்து காட்டினால் "இது வேணாம், அக்கா பொண்ணு கல்யாணத்துல வச்சதே போடுங்க" என்கிறோம். பிறகு அதே வாயால் "நம்ம ஆளுங்க வளரவே மாட்டேங்கிறாங்க" என்று குறையும் சொல்கிறோம். நூறு கடை திறந்தாலும் நூறிலும் அதே கார்டுதான் இருக்கும். நாம் கேட்பது அதுதானே.

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்போது கார்டு கடைக்கோ பூக்கடைக்கோ படம் கொண்டுபோகாதீர்கள். உங்கள் தாத்தா எந்தத் தோட்டம், பாட்டிக்கு எந்தப் பூ பிடிக்கும், மாப்பிள்ளை என்ன வேலை என்று சொல்லுங்கள். முன்பணத்தைப் பாதியாகக் கொடுங்கள், விலையை அங்கேயே பேசி முடியுங்கள். அதற்குப் பிறகு மூன்று வாரம் போன் செய்யாதீர்கள்.